வாங்கின் மேல் இருந்த தோல் பை

துவக்கு இல்லாத கேம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அபூதாஹிரின் சிடி கடைக்குள் வந்த முதல் ஆள் பூரணியாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு உடனே வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கச்சேரியில் அரசாங்க வேலை விட்டதும் அன்புவழிபுரத்துக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள். அடுத்த பஸ் ஓடுமா ஓடாதா என்பது அந்த நாட்களில் டிரைவருக்கே தெரியாத விஷயம்.

அபூதாஹிர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினார். கண்ணாடி அலுமாரி முழுக்கச் சிடிகள். ஏறக்குறைய எல்லா உறையிலும் ஒருவன் துவக்கோடு நின்றான்.

"துவக்கு இல்லாட்டி அதில என்னத்தைத் தங்கச்சி செய்யிறது?" என்று அவர் நிசமாகவே தெரியாதவர்போலக் கேட்டார்.

"நடக்கட்டும் நானா. கதவைத் திறக்கட்டும். பூட்டோட மல்லுக்கட்டட்டும். ஆரையும் சுடாம இருந்தாச் சரி."

அவர் சிரிக்கவில்லை. தம்பிக்கா என்று கேட்டார். ஓம் என்றாள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்காமல் அலுமாரியின் அடித்தட்டைக் கிளறத் தொடங்கினார். அந்த வருடம், இரண்டாயிரத்து ஆறில், திருகோணமலையில் தம்பி என்று சொன்னால் மிச்சத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பூரணியின் தம்பி கோணேசனுக்கு இருபத்து மூன்று வயது. வேலை தேடிக் கட்டாருக்குப் போக அவனுடைய பாஸ்போட் கொழும்பில் ஒரு ஏஜென்டிடம் இருந்தது. மெடிக்கல் முடிந்துவிட்டது. விசா வரவேண்டும். அது வரும்வரைக்கும் அவனை உயிரோடு வீட்டுக்குள் வைத்திருக்கவேண்டும். பூரணிக்கு அந்த வருடம் இருந்த ஒரே வேலை அதுதான். கச்சேரியில் செய்தது சம்பளத்துக்கு.

தாய் தகப்பன் இரண்டு பேரும் முந்தியே போய்விட்டார்கள். அவளுடைய புருஷன் சோமசேகரம் அந்தப் பங்குனியில் பஸ் நிலையத்தில் போனார். பயணிகள் குந்துகிற வாங்கில் யாரோ வைத்துவிட்டுப் போன பை ஒன்று வெடித்தது. அவர் அதைத் தொட்டார் என்று சிலர் சொன்னார்கள். இல்லை, பக்கத்தில்தான் நின்றார் என்று வேறு சிலர் சொன்னார்கள். எந்தப் பொருள் கிடந்தாலும் "இது ஆற்றை?" என்று உடையவரைத் தேடிக் கேட்கிற மனுசன் அவர். பூரணி அதற்குமேல் யாரிடமும் விசாரிக்கவில்லை.

கம்பியூட்டர் அவருடையது. கலியாண அட்டையும் மரண அறிவித்தலும் அதில்தான் அடித்துக் கொடுப்பார். அவர் போன பிறகு அதைத் துணியால் மூடி வைத்திருந்தாள். கோணேசன் வீட்டுக்குள் அடைபட்டு, குசினிக்கும் கேற்றுக்கும் இடையில் நடந்து நடந்து சீமெந்துத் தரை தேய்ந்துபோகும் என்ற நிலைமை வந்தபோது, துணியை அவளே எடுத்துவிட்டாள்.

முதலில் அவன் ஒரு சிநேகிதனிடம் இரவல் வாங்கியது சுடுகிற கேம். பூரணி கச்சேரியால் வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்ற நேரம் அவன் ஸ்பீக்கரைக் கூட்டிவிட்டான். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் புஷ்பவதியக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். ஒழுங்கையில் ரோந்து வந்த ஆமிக்காரர்கள் மதிலோடு குந்தினார்கள். பிறகு கேற்றை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன், மீசை சரியாக முளைக்காதவன், திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தான். கோணேசனை எழுப்பிவிட்டுத் தான் கதிரையில் இருந்தான். மற்றவர்கள் முற்றத்தில் காவல் நிற்க, அவன் வெளித் துவக்கை மடியில் போட்டுக்கொண்டு திரைக்குள்ளே இருக்கிற துவக்கால் சுட்டான். மூன்று தரம் செத்தான். பூரணி தேத்தண்ணி கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, இந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பவேண்டும் என்று கோணேசனுக்குக் கையால் காட்டிவிட்டுப் போனான்.

புஷ்பவதியக்கா ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கட்டிலுக்குக் கீழே பல்லி தன் கழுத்தில் விழுந்ததையும் சேர்த்துச் சொன்னாள். பூரணிக்குச் சிரிப்பு வரவில்லை. முற்றத்தில் நின்றவர்களில் ஒருவனுடைய விரல் துவக்கின் விசையில் இருந்ததை அவள் கண்டிருந்தாள். அன்றோடு இந்த வீட்டில் துவக்குக் கேம் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அபூதாஹிர் கடைசியில் இரண்டு சிடியைக் கண்டெடுத்தார். இரண்டும் அவரே கொப்பி அடித்தவை. ஒன்றில் மாக்கரால் 'கப்பல்' என்றும் மற்றதில் 'ஸ்டேசன்' என்றும் எழுதியிருந்தார். இரண்டும் ஒரே மாதிரிதான், விளையாடுகிற ஆளின் கண்ணால் பார்க்கிறது, மூளைக்கு வேலை, ஆனால் ஆட்கள் கேட்டு எடுப்பது மிச்சம் குறைவு என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

ஒரே மாதிரி இல்லை. அதைப் பற்றித்தான் அக்காவும் தம்பியும் அந்த ஆவணி முழுக்கக் கதைத்தார்கள்.

கப்பலில் தொடங்குகிற இடம் ஒரு பெரிய கப்பலின் அடித்தட்டு. தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். வால்வைத் திருகவேண்டும், பம்பைப் போடவேண்டும், எந்தக் கதவை முதலில் சாத்துவது என்று யோசிக்கவேண்டும். பிழை விட்டால் மூழ்கிச் சாவாய். செத்ததும் கடைசியாகத் திறந்த கதவடியில் திரும்ப நிற்பாய், சட்டைகூட நனைந்திருக்காது. கோணேசனுக்கு அது நல்லாகப் பிடித்தது. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன். இந்தக் கப்பலைக் கட்டினவனுக்குக் கப்பல் தெரியாது, இந்த இடத்தில் ஏணி வராது என்று ஏசிக்கொண்டே ஒரு கிழமைக்குள் மேல்தட்டுக்கு வந்துவிட்டான்.

ஸ்டேசனில் தண்ணீர் இல்லை, அவசரம் இல்லை, சாவும் இல்லை. பனி மூடிய மலையில் ஒரு சின்னப் புகையிரத நிலையம். ஒரு குருவிகூட இல்லை. எப்படியாவது ரயிலை வரப்பண்ணவேண்டும், அவ்வளவுதான். படம் படமாக மாறும். ஒரு படத்தில் நின்று எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பூரணிக்கு இது பிடித்தது. முதலில் தம்பிக்குத் துணையாகத்தான் பக்கத்தில் இருந்தாள். பிறகு மவுஸை அவளும் வாங்கத் தொடங்கினாள். தன் உடம்பு தெரியாமல் கண் மட்டும் போகிறது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளியில் ஆமிச் சென்றிப் பொயின்றைக் கடக்கும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவள், இங்கே நின்ற இடத்தில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"கப்பல்தான் திறம்," என்றான் கோணேசன். "பிழை விட்டாச் சாகவேணும். சாகாட்டி என்ன விளையாட்டு? செத்தாலும் அதே கதவடியில எழும்பி நிப்பீங்கள். அதைவிட என்ன வேணும்?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு அத்தானின் நினைவு வந்தது. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

இன்னொரு நாள் அவள் ஸ்டேசன் மாஸ்டரின் வீட்டுக்குள் நின்றாள். மேசையில் பாதி கடித்த பாண், அடுப்பில் கேத்தல், கொடியில் ஒரு குழந்தையின் காலுறை. கோணேசன் இங்கேதான் மர்மம் இருக்கிறது, ஆட்கள் எங்கே போனார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்றான். கச்சான் காற்று யன்னலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. துறைமுகப் பக்கத்திலிருந்து மூதூர்ப் பக்கம் ஷெல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மொனிட்டர் சின்னதாக நடுங்கியது.

"இதில என்ன மர்மம்?" என்றாள் பூரணி. "ஷெல் அடிச்சிருக்கும். ஓடியிருப்பினம்."

கோணேசன் அவளைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள், நிறுத்தமுடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பங்குனிக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சிரித்த முதல் சிரிப்பு. இதைச் செய்தவர்களுக்கு ஆளில்லாத வீடு ஒரு அதிசயம் போல இருக்கிறது என்று கோணேசன் மூச்சுவாங்கிக்கொண்டு சொன்னான். அங்கால் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்து வந்து கிடக்கிற மூதூர் சனத்தில் ஒரு கிழவியைக் கொண்டுவந்து இருத்தினால் ஐந்து நிமிடத்தில் ரயிலை வரப்பண்ணிவிடுவாள் என்றான்.

ஆனால் ரயில் வரவில்லை. மணிக்கூட்டைச் சரிப்பண்ணினார்கள். மணி அடிக்கிற ஒழுங்கைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். சிக்னல் அறை மட்டும் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டைத் திறக்கிற திறப்பு எங்கும் இல்லை. பூரணி ஒவ்வொரு வாங்குக்கும் கதிரைக்கும் கீழே குனிந்து பார்த்தாள். பஸ்ஸில் ஏறினால் இருக்க முதல் எல்லோரும் சீற்றுக்குக் கீழே குண்டு ஏதும் கிடக்கிறதா என்று குனிந்து பார்க்கிறதுபோல, கேட்காமலே அவளுக்கு அது வந்தது. கோணேசன் திறந்த வெளியைக் குறுக்கே கடக்காமல் சுவரோரமாகவே போனான். அதனால் சில படங்களைப் பார்க்கவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவற்றிலும் திறப்பு இல்லை.

ரயில் மேடையின் கடைசி வாங்கில் ஒரு தோல் பை இருந்தது. மண்ணிறம், வாய் கட்டியது. பக்கத்தில் ஆள் இல்லை.

அந்த வாங்கை அவர்கள் எத்தனையோ தரம் கடந்தார்கள். ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முதல் நாள் பூரணியின் அம்புக்குறி தற்செயலாக அதன் மேல் போனபோது, எடுக்கலாம் என்று காட்டுகிற கைச் சின்னமாக மாறியது. அவள் மவுஸை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அம்பைக் கொண்டுபோகவில்லை.

கச்சேரியால் வருகிற வழியில் அபூதாஹிரைக் கேட்டாள். ஸ்டேசனைக் கொண்டுபோன எல்லோருமே மேடையில்தான் நிற்கிறார்கள் என்று அவர் சொன்னார். பாலையூற்றில் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர், துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு கிளாக், தன்னுடைய மருமகள் ஸல்ஹா. கப்பலை எல்லோரும் முடித்துவிட்டார்கள். ஸ்டேசனில் ஒருத்தருக்கும் ரயில் வரவில்லை. மாஸ்டருக்குச் சூட்சுமம் மணிக்கூட்டில்தான் இருக்கிறது என்று ஒரே பிடி. ஸல்ஹா சிடியில் கீறல் என்கிறாள். பூரணி உங்களுக்கும் தெரியாதா நானா என்று கேட்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிடி ஒன்றைச் துணித் துண்டால் துடைக்கத் தொடங்கினார். வேண்டுமென்றால் மாற்றி எடுத்துக்கொண்டு போங்கள் தங்கச்சி என்றார். அவள் வேண்டாம் என்றாள். தம்பி விட்டுப் போடமாட்டான்.

அதுதான் அவளுடைய கணக்கு. முடியாத விளையாட்டு என்றால் நல்லது. முடிந்தால் அடுத்ததற்கு அவன் வாசலைப் பார்ப்பான்.

ஆனால் முடியாததும் அவனை அரித்தது. ஆவணிக் கடைசியில் அவன் கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாக இருந்தான். சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து நடந்து தின்றான். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் யன்னல் சீலையை ஒரு விரலால் நீக்கிப் பார்த்தான். போன் அடித்தால் அவள் வீட்டில் இருக்கிற நேரம் அவள்தான் எடுக்கவேண்டும் என்றான். பூரணிக்கும் கச்சேரியில் கை ஓடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் எடுத்து, என்ன செய்கிறாய் என்று கேட்பாள். மேடையில் நிற்கிறேன் என்பான்.

அந்தக் கிழமை பாலையூற்றில் ஒரு பெடியனைக் கொண்டுபோனார்கள். யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. சைக்கிள் மட்டும் மதிலில் ஒழுங்காகச் சாத்தியிருந்தது என்று புஷ்பவதியக்கா வேலிக்கு மேலால் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் கோணேசன் சேட்டுக்கு ஸ்திரிக்கை போட்டான். பூரணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க?"

"தாஹிர் நானாட்ட. இதைக் குடுத்துட்டு வேற எடுக்கப்போறன்."

"நான் திங்கள் மாத்திக்கொண்டு வாறன்."

"திங்கள் வரைக்கும் இந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது அக்கா. குளிச்சிட்டுப் போட்டு வாறன். அரை மணித்தியாலம்."

அவள் சத்தம் போட்டுப் பார்த்தாள். சைக்கிள் திறப்பை ஒளித்தாள். நடந்து போகிறேன் என்றான். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான். வாளி விழுகிற சத்தம் கேட்டது.

பூரணி அறைக்குள் ஓடினாள் என்றுதான் சொல்லவேண்டும். அவனை வீட்டுக்குள் நிறுத்த அவளிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை. விளையாட்டு அசைந்தால் அவன் இருப்பான். புதுக் கதவு ஒன்று திறந்தால் பின்னேரம் வரைக்கும் இருப்பான். நாளைக்கு ஞாயிறு, அவள் வீட்டில் நிற்பாள். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கதிரையில் இருந்தாள். மேடைக்குப் போனாள். கடைசி வாங்குக்கு முன்னால் நின்றாள்.

அம்புக்குறி கையாக மாறியது. அவளுடைய உண்மையான கை மவுஸின் மேல் மரத்துப்போய்க் கிடந்தது. இது படம் என்று அவளுக்குத் தெரியும். யாரோ குளிர் தேசத்துக்காரன் இருந்து கீறிய படம். தெரிந்தும் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். சோமசேகரம் அன்றைக்குத் தொட்டிருப்பார் என்று அப்போது நினைத்தாள். பங்குனியிலிருந்து நினைக்காமல் விலக்கி வைத்திருந்தது அது. இது ஆற்றை என்று சுற்றிக் கேட்டிருப்பார். ஒருவரும் தங்களுடையது என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வந்திருக்காது. விரல்தான் அழுத்தியது. அவள் அழுத்தினாள் என்று சொல்வதற்கில்லை.

கட்டு அவிழ்ந்தது. உள்ளே ஒரு சோடிக் கம்பளிக் கையுறை, சுற்றி வைத்த பச்சைக் கொடி, ஒரு பெரிய இரும்புத் திறப்பு.

வெடிக்கவில்லை. பிறகு கிணற்றடிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க வந்து பார். திறப்பு பைக்குள்ளதான் இருந்திருக்கு."

வாளிச் சத்தம் நின்றது. அவன் தலையில் சவர்க்கார நுரையோடு, இடுப்பில் ஈரச் சாரத்தோடு வந்து அறை வாசலில் நின்றான். துள்ளுவான் என்று நினைத்தாள். அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அப்படியே நிலத்தில் குந்திவிட்டான்.

"எடுத்திட்டீங்களா," என்றான்.

"என்னடா?"

"எனக்கு எப்பவோ தெரியும் அக்கா. முதல் கிழமையே தாஹிர் நானாட்டப் போனில கேட்டனான். கொழும்பில இதை விளையாடின ஒருத்தன் மேடைக்கு வந்த உடனே அந்தப் பையைத்தான் எடுத்தவனாம். எங்கட ஊர் ஆக்கள் ஒருத்தரும் தொடேல்லையாம் எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

"பிறகேன் நீ எடுக்கேல்ல?"

"நீங்கள் பக்கத்தில இருக்கேக்க எப்பிடி எடுக்கிறது?"

நுரை அவனுடைய நெற்றியால் வழிந்து கண்ணுக்குள் போனது. துடைத்துக்கொண்டான். அபூதாஹிரிடம் அக்காவுக்குச் சொல்லவேண்டாம் என்று தான்தான் கேட்டுக்கொண்டதாகச் சொன்னான். பூரணிக்கு அவர் சிடியைத் துடைத்த துடைப்பு அப்போதுதான் விளங்கியது. ஆனால் அவன் முடிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான்.

விசா வந்துவிட்டது. போன கிழமையே வந்துவிட்டது. அவள் கச்சேரியில் இருந்த நேரம் ஏஜென்ட் போன் எடுத்தான். வருகிற வியாழக்கிழமை விமானம். தனக்குக் காய்ச்சல், இப்போது வர ஏலாது, வேறு ஆளைப் போடுங்கள் என்று கோணேசன் சொல்லியிருக்கிறான். ஏஜென்ட் நல்ல ஏச்சு ஏசிவிட்டு, திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன் என்றிருக்கிறான்.

"நான் போனா இந்த வீட்டில ஆர் இருக்கிறது?" என்றான். "அந்தப் பையை ஒருக்காப் பாக்கக்கூட உங்களால ஏலாம இருந்தது. ஒவ்வொரு நாளும் பாத்தனான். அதைக் கடக்கேக்க மூச்சை அடக்குவீங்கள். நீங்கள் இதை எடுக்கிற நாள்தான் நான் போகலாம் எண்டு எனக்குள்ள ஒரு கதை வைச்சிருந்தனான். எடுக்கமாட்டீங்கள் எண்டும் நினைச்சனான்."

பூரணி எழும்பினாள். அவனுடைய தோளில் கிடந்த ஈரத் துவாயை இழுத்து அதாலேயே முதுகில் அடித்தாள். ஒரு அடி, இரண்டு அடி. அவன் தடுக்கவில்லை.

"இவ்வளவு நாளும் நான் உன்னைக் காவல் காக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன். நீ என்னை வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தனியா?"

"ரெண்டு பேரும்தானே," என்றான் கோணேசன்.

அவள் துவாயை எறிந்துவிட்டுப் போனை எடுத்தாள். ஏஜென்டிடம் அவளே கதைத்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, செவ்வாய்க்கிழமை அங்கே நிற்பான், வேறு ஆளைப் போட்டால் நான் கொழும்புக்கு வந்து உங்கள் வாசலில் இருப்பேன் என்றாள். திரையில் சிக்னல் அறை திறக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. கோணேசன் போய் நுரையைக் கழுவினான்.

ஞாயிறு முழுக்க அவள் ஓரிடத்தில் இருக்கவில்லை. உடுப்பை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். புஷ்பவதியக்கா மிளகாய்த்தூள் இடித்துக் கொண்டுவந்தாள், தும்மிக்கொண்டே போனாள். இரவு நேரத்தோடே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். இரண்டு பேருமே நித்திரை கொள்ளவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

இளம் பெடியன் தனியப் பயணம் போனால் சென்றியில் இறக்குவார்கள், கூட ஒரு பொம்பிளை இருந்தால் கொஞ்சம் குறையும். அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம் அது. தாய்மார் மகன்மாரோடு கந்தளாய் வரைக்கும் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார்கள். பூரணி கச்சேரிக்கு லீவு சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை விடிய அவனோடு ஏறினாள்.

கப்பல்துறைச் சென்றியில் ஆமிக்காரர்கள் எல்லோரையும் இறக்கினார்கள். ஆம்பிளைகள் ஒரு வரிசை, பொம்பிளைகள் ஒரு வரிசை. பொம்பிளைகள் கெதியாக முடிந்து மறுபக்கம் வந்தார்கள். ஆம்பிளைகளும் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். கோணேசன் வரவில்லை. அவனை ஒரு தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கண்டக்டர் மணியை அடித்தான். நேரம் போகிறது, ஏறு அக்கா என்றான். பூரணி ஒரு காலைப் படியிலும் ஒரு காலை ரோட்டிலும் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். ஏறவும் இல்லை, விடவும் இல்லை. இந்தக் காலை எடுத்தால் பஸ் போய்விடும், பஸ் போனால் அவனை இந்த வெளியில் வைத்து யார் பார்ப்பார்கள் என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது. உள்ளே சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு மனுசன், இந்த ஒருத்தனுக்காக எல்லாரும் வெய்யிலுக்குள் வேகவேண்டுமா என்று கேட்டார். அப்போது பின்சீற்றில் இருந்த ஒரு முஸ்லிம் மனுசி, கிண்ணியாப் பக்கம், எழும்பி வந்து பூரணிக்குப் பக்கத்தில் மற்றப் படியில் காலை வைத்தாள்.

"நானும் இறங்கித்தான் நிக்கிறன்," என்று கண்டக்டரிடம் சொன்னாள். "காத்து வாங்குறன். உனக்கென்ன?"

கண்டக்டர் மணிக்கயிற்றை விட்டுவிட்டான்.

கொட்டிலிலிருந்து ஒரு அதிகாரி வெளியே வந்தார். பூரணி கம்பியை விட்டுவிட்டுப் போகவும் மாட்டாமல், இருந்த இடத்திலிருந்தே தன்னுடைய சிங்களத்தில் சத்தமாகச் சொன்னாள்: அது என்னுடைய தம்பி, வெளிநாட்டுக்குப் போகிறான், விசாக் கடிதம் அவனுடைய சேட்டுப் பொக்கற்றில் இருக்கிறது. அவர் இவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஏஜென்ட் சனிக்கிழமை ஃபாக்ஸில் அனுப்பியிருந்த கடிதத்தை வாங்கி நேரம் எடுத்து வாசித்தார். யாரோ ஒருவரிடம் வோக்கிடோக்கியில் கதைத்தார். பிறகு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போ என்பதுபோலத் தலையை ஆட்டினார். கோணேசன் நடந்து வந்தான். ஓடவேண்டாம், ஓடவேண்டாம் என்று பூரணி உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள். அவன் ஓடவில்லை.

கந்தளாய் வரைக்கும் பூரணி ஒவ்வொரு சென்றியையும் விரலில் எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் இறங்குகிற இடம் வந்தபோது அவன் யன்னலால் தலையை நீட்டி, பின்கதவுக் கொழுக்கி இறுகாது, தடி கொடுத்து வையுங்கள் என்றான். எனக்குத் தெரியும், நீ உள்ளே தலையை எடு என்றாள் அவள். பஸ் அபறணைப் பக்கம் திரும்பிப் போனது.

அவன் கட்டாரில், டோகாவில் இறங்கிப் போன் எடுத்தது வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் கந்தளாய்ச் சந்தியில் நின்ற பூரணிக்கு அது தெரியாது. திரும்பிப் போகிற பஸ் வரும் வரைக்கும் மர நிழலில் நின்றாள், வெய்யிலுக்குள் வந்தாள், திரும்ப நிழலுக்குப் போனாள். பக்கத்தில் நின்ற ஒரு பொம்பிளை யாரை ஏற்றிவிட்டீர்கள் என்று கேட்டாள். தம்பியை என்றாள். எங்கே என்று கேட்டாள். கட்டாருக்கு என்றாள்.

"அப்ப தப்பிட்டான்," என்றாள் அந்தப் பொம்பிளை.

பூரணி பஸ் போன ரோட்டைப் பார்த்தாள். கொழும்பு வரைக்கும் இன்னும் எத்தனை சென்றி, எத்தனை சந்தி. பஸ் வந்தது. பாதி வெறுமையாக வந்தது. கண்டக்டர் சீற்றைக் காட்டி இருக்கச் சொன்னான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திருகோணமலை வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.